உளைப்பள்ளத்து மரங்கள்

பத்து வீட்டுக்காரர்கள் அந்த மலைக்கு வந்த காலத்தில் உளைப்பள்ளத்தில் மாடு இறங்கினால் வயிறு வரைக்கும் உள்ளே போய்விடும். கயிறு போட்டு இழுக்க ஊரையே கூப்பிட வேண்டும். மேலே பார்த்தால் பச்சைப் புல், காலை வைத்தால் கறுப்புச் சேறு. எந்தக் கோடையிலும் அது காய்ந்ததில்லை. பள்ளத்தின் கீழ்முனையில் ஒரு பாறை இடுக்கு உண்டு. அதிலிருந்து கசிகிற தண்ணீர்தான் வாய்க்காலாகிச் சரிவில் இறங்கும். முதல் மடை பத்து வீட்டுத் தோட்டத்துக்கு. அடுத்த மடை அன்னக்கொடியின் பூண்டுக் காட்டுக்கு.

அந்தக் காடு அவளும் அவள் புருசன் செல்லப்பாண்டியும் முதுகு ஒடியக் கல் சுமந்து, பத்து வீட்டுச் சுவர்களை எழுப்பிக் கொடுத்ததற்கு வந்தது. அதற்கு முன்னால் அவள் வம்சத்தில் யாருக்கும் ஒரு சாண் மண் சொந்தமாக இருந்ததில்லை. வாய்க்கால் ஓடுகிற வரைக்கும் அது காடு. வாய்க்கால் நின்றால் வெறும் கல்லு மேடு. இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

பத்து வீடு என்பது கூக்காலுக்கும் மேலே, புல்மேட்டின் ஓரத்தில் இருந்தது. கொடைக்கானல் கடைக்காரர்கள் அவர்களை மிஷன் ஆட்கள் என்று நினைத்தார்கள். ஆனால் அவர்களிடம் சிலுவை இல்லை. ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு தோண்டினார்கள். சனிக்கிழமை அடுப்பைக்கூடப் பற்றவைக்க மாட்டார்கள், அன்னக்கொடிதான் போய்ப் பற்றவைக்க வேண்டும். அவர்கள் யூதர்கள். சொந்த நாட்டில் இருக்க விடாமல் துரத்தியதால் கப்பலேறிப் பம்பாயில் இறங்கி, ரயிலேறி இங்கே வந்து, ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன காட்டை வாங்கியவர்கள். அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர் இங்கே சாணி அள்ளினார். பிடில் வாசித்தவர் பேரிக்காய் மரத்துக்குக் குழி வெட்டினார். கொப்புளம் உடைந்து உடைந்து ஒரு வருசத்தில் எல்லோர் கையும் செல்லப்பாண்டியின் கை மாதிரி ஆகிவிட்டது.

அவர்களில் மூத்தவர் யாக்கோபு. "தொரை" என்று கூப்பிட்டால் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு முறைப்பார். அதனால் பெரியய்யா என்றார்கள். களையெடுக்கிற பெண்களிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர் என்பதால், பெண்கள் பேசுகிற மாதிரியே பேசுவார்.

"பெரியய்யா, ஆம்பளைங்க 'ஏ ஆத்தீ'ன்னு சொல்லக் கூடாதுங்க" என்று செல்லப்பாண்டி ஒருநாள் எடுத்துச் சொன்னான்.

"வேற என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. ஆம்பளை எதுக்கும் பதறாம நிக்கணும்."

"ஏ ஆத்தீ! அது ரொம்பக் கஷ்டமாச்சே" என்றார் அவர். பெண்கள் களைக்கொட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருசம் இருக்கும். பெரியய்யாவின் மகன் தானியேலுக்கு ஒரு பையன் இருந்தான். அந்த மண்ணில் பிறந்த முதல் பிள்ளை அவன். காய்ச்சல் கண்டது, இறங்கவில்லை. தூளி கட்டிக் கொடைக்கானலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே தூளி கனத்துப் போனது. புல்மேட்டில் அடக்கம் செய்தார்கள். எல்லோரும் வீட்டுக்குத் திரும்ப, பெரியய்யா மட்டும் நேராக நடந்துபோய் உளைப்பள்ளத்தின் விளிம்பில் நின்றார். பின்னாலேயே போன அன்னக்கொடியிடம் திரும்பி, "இதுதான்" என்றார். "இதுதான் பையனைத் தின்னது."

அவருடைய தம்பி ஒருவர் யூதர்களின் புது நாட்டில் இருந்தார். அங்கேயும் இப்படி ஒரு சேற்றுப் பூமியில்தான் ஊர் கட்டினார்களாம். கொசுவும் காய்ச்சலும் வீட்டுக்கு ஒருத்தரைக் கொண்டுபோயிற்றாம். பிறகு தைல மரத்தை வரிசை வரிசையாக நட்டு, சேற்றை உறிஞ்சவைத்து, காய்ந்த மண்ணில் கோதுமை விதைத்தார்களாம். இப்போது அந்த ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அவர்களுக்கு ஊர் கட்டுவது என்றால் முதல் வேலை சேற்றைக் காயவைப்பது. வேறு மாதிரி அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. இந்த மலைக்குளிரில் கொசு நிற்காது என்பதை அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அன்னக்கொடியும்தான். அவளுடைய சினைமாடு ஒன்று அந்த உளையில் போயிருந்தது. காயட்டும், நல்லது என்றுதான் அவளும் நினைத்தாள்.

தைல நாற்றுக் கூடையை அவள் சுமக்க, பெரியய்யா நட்டார். முதல் நாற்றுக்கு மண் அணைக்கும்போது அவர் ஏதோ முணுமுணுத்தார். மந்திரம் என்று நினைத்து அவள் தள்ளி நின்றாள்.

"எந்தச் சாமியைக் கும்புடுறீங்க?"

"சாமி இல்ல. பேரு. எந்தங்கச்சி பேரு. ஹன்னா."

"அவுங்க எங்க இருக்காங்க?"

"எரிச்சுட்டாங்க. அவளை, அவ புருசனை, பிள்ளைகளை. தெருவோட."

"எரிக்கிறது எங்க பக்கமும் உண்டுங்க. சாம்பலைக் கொண்டுபோய்க் கரைச்சீங்களா?"

பெரியய்யா குத்தவைத்தபடியே அவளை நிமிர்ந்து பார்த்தார். "கொல்றதுக்குன்னே ஒரு எடம் கட்டி, கொண்டுபோய்க் கொன்னாங்க, அன்னக்கொடி. எரிச்சது அவங்கதான். யாரு சாம்பல் எங்க கெடக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குப் போய் நிக்க ஒரு எடம் இல்ல."

அவள் கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினாள். அடுத்த நாற்றுக்கு ஒரு பெயர். அதற்கடுத்ததற்கு இன்னொன்று. செய்தி பத்து வீட்டுக்கும் போனது. ஒவ்வொருவராகக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள், பெயர் சொல்லி நட்டார்கள். உளைப்பள்ளம் நிறைந்துவிட்டது, பெயர்கள் தீரவில்லை. பள்ளத்தைத் தாண்டிச் சரிவிலும், பாறை இடுக்கின் ஊற்றுக்கண்ணைச் சுற்றியும் நட்டார்கள். அன்னக்கொடியின் ஊரில் செத்தவர்களுக்குக் கல் நடுவார்கள். கல் நட்ட இடத்தில் நட்டபடி கிடக்கும்.

இவை வளர்ந்தன. அப்படி ஒரு வளர்ச்சியை அந்த மலையில் யாரும் கண்டதில்லை. காலையில் தோளுக்கு நின்றது சாயங்காலம் காதுக்கு நிற்கிறது என்று செல்லப்பாண்டி கேலி பேசுவான். மூன்றாம் வருசம் உளையில் மாடு நடந்தது. ஐந்தாம் வருசம் தானியேல் அதன் குறுக்கே வண்டி ஓட்டிக் காட்டினார். அன்றைக்குப் பத்து வீட்டில் விருந்து. அவருக்கு அதற்குள் ரூத்து என்று ஒரு பெண் பிறந்திருந்தாள். பெரியய்யா அவளைத் தோளில் வைத்துக்கொண்டு மரம் மரமாய்க் காட்டி, இது உன் பெரியம்மா, இது உன் மாமா என்று சொல்லிக்கொண்டு போனார். குழந்தை ஒவ்வொரு மரத்துக்கும் கும்பிடு போட்டது. அதை அன்னக்கொடிதான் கற்றுக் கொடுத்திருந்தாள்.

அதற்கப்புறம் தவளைச் சத்தம் நின்றது. ஒரேயடியாக நிற்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம் அன்னக்கொடி வாசலில் நின்று, என்னவோ குறைகிறதே என்று யோசித்து யோசித்து, தவளை கத்தவில்லை என்று கண்டுபிடித்தாள். மரங்களுக்கு அடியில் புல் போனது. உரிந்த பட்டை கோவணத்துணி மாதிரி நீள நீளமாகத் தொங்கி, காற்று வந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டது. குருவி எதுவும் கூடு கட்டவில்லை. மாசி மாதத்தில் காட்டுமாடுகள் வழக்கம்போல் தண்ணீருக்கு வந்தன. மரங்களுக்கு நடுவே வெகு நேரம் நின்றன. மண்ணை மோந்து பார்த்துவிட்டு, வந்த வழியே போயின. மறு வருசம் அவை வரவில்லை.

வாய்க்கால் இளைத்தது. மழை சரியில்லை என்றார்கள். மழை பெய்த வருசமும் இளைத்தது. கீழ்க்காட்டு நல்லசாமி ஒருநாள் மேலேறி வந்து மடையில் குத்தவைத்தான். அவன் பங்கு அன்னக்கொடிக்கும் கீழே.

"ஏன்த்தா, தண்ணியை மேலேயே கட்டிவச்சு எருமை குளிப்பாட்டுறீங்களாக்கும்?"

"எருமையா? எம் மூஞ்சி கழுவியே நாளாச்சு."

"அது பாத்தாலே தெரியுது" என்றான் நல்லசாமி. அவள் மண்கட்டியை எடுத்து எறிந்தாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்தான். மரங்களை அண்ணாந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. "பூரா தைல மரமா? யாத்தே. ஒரு இலைகூட வாடக் காணோமே. ஊரெல்லாம் காயுது, இதுக மட்டும் எதைக் குடிச்சு இப்படி நிக்குது?"

அந்தக் கேள்வி அவளை விட்டுப் போகவில்லை.

சீனாக்காரன் சண்டை வந்த வருசம் பத்து வீட்டுக் கிணறு வற்றியது. இன்னும் ஆழப்படுத்தச் சொல்லிச் செல்லப்பாண்டியைக் கயிற்றில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்திலேயே கயிறு படபடவென்று ஆடியது. மேலே வந்தவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"என்னங்க, பாம்பா?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

"மயிரு."

"என்னது?"

"பொம்பளை தலைமயிரு மாதிரி புள்ள. சுவரு பூரா தொங்குது. அடியில பொட்டுத் தண்ணி இல்ல. அது மட்டும் ஈரமா இருக்கு."

தானியேல் தானே இறங்கினார். ஒரு பிடி வேரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். சிவப்பாய், மெல்லிசாய், சொட்டச் சொட்ட. அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மரங்கள் நின்ற திசையைப் பார்த்தார். அங்கிருந்து கிணற்றுக்கு நல்ல தூரம்.

இரண்டு நாள் பொறுத்து, அன்னக்கொடியையும் செல்லப்பாண்டியையும் கூட வைத்துக்கொண்டு அவர் அப்பாவிடம் பேசினார். வேலைப் பேச்செல்லாம் அந்த வீட்டில் தமிழில்தான். இதையும் வேலைப் பேச்சாகவே முடித்துவிடலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"அப்பா, மரத்தை வெட்டணும்."

"எந்த மரத்தை?"

"எல்லாத்தையும்."

"பேரைச் சொல்லு. யாரை வெட்டணும்? ஹன்னாவையா? உங்கம்மாவைப் பெத்தவளையா?"

"தண்ணி இல்லாம ரூத்து எப்படி இங்க இருப்பா? இப்பவே மூணு வீடு காலியாயிருச்சு. செத்தவங்களுக்கு வச்ச எடத்துல உசிரோட இருக்கவங்க இருக்க முடியல, அப்பா."

பெரியய்யா அன்னக்கொடியைப் பார்த்தார். "நீ சொல்லு. நீதானே கூட நின்னு நாத்து சுமந்த."

"நான்தாங்க சுமந்தேன்." "பூண்டு கருகுது பெரியய்யா. எனக்கு வேற காடு இல்ல."

அவர் எழுந்து வாசலுக்குப் போய் மரங்களைப் பார்த்தபடி நின்றார். கடைசியில், "வெட்டுறதுக்கு முன்னால ஒவ்வொண்ணுக்கும் பேரைச் சொல்லணும். நான் சொல்லாம கோடாலி படக் கூடாது" என்றார்.

அப்படியே ஆகட்டும் என்று மறுநாள் போனார்கள். பெரியய்யா முதல் மரத்தில் கையை வைத்தார். "ஹன்னா" என்றார். செல்லப்பாண்டி கோடாலியை ஓங்கினான். அடுத்த மரத்துக்குப் போனார். பட்டையைத் தடவினார், சுற்றி வந்தார், மேலே பார்த்தார். "ஹன்னா" என்றார். மூன்றாவதுக்கும் அதே பெயர். நான்காவதுக்கும். கூட இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எந்த மரம் யார் என்று தெரியவில்லை. வளர்ந்தபிறகு எல்லா மரமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. தானியேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று பொழுது சாய்கிற வரைக்கும், அதற்கடுத்த நாட்களிலும், அந்தக் காட்டில் ஹன்னாவையே திரும்பத் திரும்ப வெட்டினார்கள்.

வெட்டிய வருசம் மழைக்குப் பிறகு பாறை இடுக்கில் ஈரம் கண்டது. விரலை வைத்தால் விரல் நனைந்தது. பிறகு கை நனைந்தது. அன்னக்கொடி விதைப்பூண்டு வாங்கி ஊன்றினாள். ஆனால் பத்து வீட்டுக்காரர்களுக்கு அதற்குள் மனசு விட்டுப்போயிருந்தது. பிள்ளைகளுக்கு அந்தப் புது நாடுதான் என்று பேச்சு வந்துவிட்டது. அங்கே தம்பி வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் பூட்டினார்கள். கடைசியாகத் தானியேல் வீடு. ரூத்து, மலைப்பெண் மாதிரித் தமிழ் பேசுகிறவள், அன்னக்கொடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அங்க வெயில் அடிக்குமாம் அத்தை, எனக்குப் புடிக்காது" என்று அழுதாள். பெரியய்யா வர முடியாது என்றுவிட்டார். ஊர் கட்டியவன் ஊரை விட்டு எங்கே போவது என்றார். கெஞ்சிப் பார்த்தார்கள். "அப்பாவைப் பாத்துக்கங்க அக்கா, அடுத்த வருசம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தானியேல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போய் மழை ஒன்று பெய்தது. அடிமரங்களில் துளிர் விட்டிருந்தது.

வெட்டிய ஒவ்வொரு அடியிலிருந்தும் ஒன்று அல்ல, நாலு, ஐந்து. நீலமும் வெள்ளையுமாய் மெழுகு பூசின இலை. பெரியய்யா கம்பை ஊன்றிக்கொண்டு அவள் குடிசைக்கே ஓடி வந்தார்.

"ஏ ஆத்தீ! அன்னக்கொடி, வந்து பாரு! ஒருத்திக்கு எத்தனை பேரு வந்துருக்காங்க பாரு!"

அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்னக்கொடி பாறை இடுக்கைப் பார்க்க ஓடினாள். கொழுந்துகள் இடுப்புயரம் வருவதற்குள் பாறை இடுக்கில் கை நனைவது நின்றது. விரல் மட்டும் நனைந்தது. பூண்டு நுனி பழுத்தது.

"விடு புள்ள" என்றான் செல்லப்பாண்டி. "மலைக்குக் கீழ பாலசமுத்திரத்துல எம் மச்சான் இருக்கான். தோப்புல சோலி இருக்குங்கான். ஊத்து நின்னா மறுநாளே கெளம்பிருவோம்."

"நின்னாத்தானே?" என்று அவள் அருவாளைத் தீட்டினாள்.

மறுநாள் முதல் அடிமரத்துக்குக் குனிந்தபோது பெரியய்யா பின்னால் வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"களை எடுக்கேன் பெரியய்யா."

"களையா?" அவர் அவளை விலக்கிவிட்டு, அந்த அடிமரத்தின் மேல் கொழுந்துகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். அவள் அடுத்ததற்குப் போனாள். அவர் எழுந்து வந்து அதன் மேல் உட்கார்ந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அன்று முழுக்க அப்படியே நடந்தது. அவர் உட்கார்ந்திருக்கிற அடியை விட்டுவிட்டு மற்றதை அவள் அறுத்தாள். அவரால் எல்லாவற்றின் மேலும் உட்கார முடியவில்லை. அவளால் எல்லாவற்றையும் அறுத்து முடிக்க முடியவில்லை. மஞ்சு மூட்டம் இறங்கியதும் அவரைக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டு, கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒருவரையொருவர் கோபிக்கவில்லை. அந்த மலையில் அவர்களுக்குப் பேச வேறு ஆளும் இல்லை.

தினமும் இதுவே வேலையானது. அறுத்த இடத்தில் ஒன்றுக்கு இரண்டாகத் துளிர்த்தது. முதலில் அறுத்த வரிசைக்கு அவள் திரும்பி வரும்போது அது முழங்காலுக்கு நின்றது. கை வீங்கிப்போய் ராத்திரியில் மடக்க முடியவில்லை. எதிரி யார் என்று தெரிந்தால் சண்டை போடலாம். இதில் யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்கோ தூர தேசத்தில் அநியாயமாகச் செத்துப்போன பெண்களையும் பிள்ளைகளையுமா?

கார்த்திகை கழிந்து ஒரு காலையில் அவள் வெள்ளனே ஊற்றுக்கண்ணுக்குப் போய் விரலை வைத்தாள். விரல் நனையவில்லை. இன்னும் உள்ளே விட்டாள். பொடிமண் ஒட்டிக்கொண்டு வந்தது. பாறை இடுக்கின் வாயில் எறும்பு புற்று தள்ளியிருந்தது. எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. அவை அங்கே குடிவந்து பல நாளாகியிருக்க வேண்டும். அவள்தான் பாக்கி ஈரத்தைப் பார்த்துக்கொண்டு, காய்ந்த பக்கத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

கஞ்சிக் கலயத்தையும் அருவாளையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினாள். பெரியய்யா ஏற்கனவே வந்து உயரமான கொழுந்துகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். குளிருக்குக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார்.

"இன்னைக்கு நான் ஜெயிச்சேன்" என்றார். "உனக்கு முந்தி வந்துட்டேன்."

"ஆமாங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க." கலயத்தை அவர் பக்கத்தில் வைத்தாள். அருவாளையும் கீழே வைத்தாள். "சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிருங்க."

அவர் அருவாளைப் பார்த்தார். "ஏன் கீழ வச்சுட்ட? எந்த வரிசையில ஆரம்பிக்கப் போற?"

"நாங்க பாலசமுத்திரத்துக்குப் போறோம் பெரியய்யா. நீங்களும் வாங்க. அங்க வெயிலு இருக்கும், உங்களுக்குக் காலு வலி கொறையும். மச்சான் வீட்டுல எடம் இருக்கு."

"எப்ப வருவ?"

அவள் குனிந்து கலயத்தை இன்னும் கிட்ட நகர்த்தினாள்.

பெரியய்யா அடிமரத்திலிருந்து எழுந்தார். எழுந்து தள்ளி நின்றார். "இந்தா, நான் எந்திரிச்சுட்டேன். இதை வெட்டு. உக்கார மாட்டேன்."

"இனிமே வெட்டி என்னங்க. ஊத்து நின்னுருச்சு."

"வெட்டு அன்னக்கொடி. எல்லாத்தையும் வெட்டு. நான் வழியில வரல. பாரு, வரல." கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சின்னப் பிள்ளை அடிக்குப் பயந்து நிற்கிற மாதிரி நின்றார்.

"நீங்க வாங்க எங்கூட" என்று அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் மரங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அவள் இன்னொரு தடவை கேட்டாள். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். கீழே செல்லப்பாண்டி சாக்கை முடிந்து தலைக்குத் தூக்கிவிட ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

பாதிச் சரிவில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. சதக் என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அருவாள் பிடிக்கத் தெரியாத கிழவனின் வெட்டு, பாதி மரத்திலும் பாதி காற்றிலும் விழுகிற வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் ஒரு குரல் கேட்டது. என்ன சொல்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

மேலேறிப் போகவும் கால் வரவில்லை, கீழே இறங்கவும் வரவில்லை. அந்தச் சத்தம் நின்றதும் போகலாம் என்று மஞ்சுக்குள் நின்றுகொண்டிருந்தாள். அது நிற்கவில்லை.